பிளஸ் டூ முடித்தவருக்கு ஜெர்மனியில் நேரடிச் சேர்க்கை

92 விழுக்காடு பெற்றும் உங்கள் மகளின் இயந்திரவியல் விண்ணப்பம் "நேரடித் தகுதி இல்லை" என்று திரும்பியதற்கு மதிப்பெண் காரணமன்று. இந்தியப் பன்னிரண்டாம் வகுப்புச் சான்றிதழை மட்டும் வைத்து ஜெர்மானியப் பல்கலைக்கழகங்கள் நேரடியாகச் சேர்ப்பதில்லை.

இந்தியாவில் ஏற்பு பெற்ற பல்கலைக்கழகத்தில் அதே துறையில் ஓராண்டு படித்துத் தேறியிருந்தாலோ, ஜேஇஇ அட்வான்ஸ்டு தேர்வில் தகுதி பெற்றிருந்தாலோ வழி திறக்கும். இல்லையெனில், ஷ்டூடியன்கொலெக் எனும் ஆயத்தக் கல்லூரியில், பொறியியலுக்குரிய டி (T) பிரிவில், வழக்கமாக இரண்டு பருவங்கள் பயின்று இறுதித் தேர்வில் தேற வேண்டும். அந்த ஓராண்டை வீண் என்று எண்ணாதீர்கள். மொழியும் கணிதமும் அங்கே உறுதிப்படும்.

வெளிநாட்டுச் சான்றிதழ்களின் தகுதியைக் காட்டும் ஜெர்மானிய அனபின் (anabin) தரவுத்தளத்தில் இந்தியாவுக்கான விதிகளை உங்கள் மகளின் பாடப்பிரிவோடு ஒப்பிட்டுப் பாருங்கள். தனியார் ஆயத்தக் கல்லூரிகளில் சில அரசு ஏற்பு பெறாதவை என்பதால், விசாரிக்காமல் கட்டணம் செலுத்த வேண்டாம்.