பந்து போன பிறகு சுற்றும் மட்டை!

கேள்வி: வாப்பா 1993-ல் சவூதியிலிருந்து கொண்டுவந்த டிவி கேம் பரணில் கிடந்தது. எடுத்து புது எல்.இ.டி. டிவியில் மாட்டினேன். கேசட்டை நாலு தடவை ஊதினால்தான் படம் வருகிறது. அதிலுள்ள பேஸ்பாலில் வாப்பாவையே தோற்கடித்தவன் நான். இப்போது ஒரு பந்துகூட மட்டையில் படவில்லை. ஒன்பது வயது மகன் விழுந்து விழுந்து சிரிக்கிறான். கேம் போய்விட்டதா, என் கை போய்விட்டதா?
- வாசகர், கீழக்கரை

பதில்: இரண்டும் நன்றாகத்தான் இருக்கின்றன தம்பி. கோளாறு அந்தப் புது டிவியில்.

பிக்சர் டியூப் டிவி, சிக்னல் வர வர அதே வேகத்தில் கோடு கோடாகத் திரையில் வரைந்துவிடும். எல்.இ.டி. டிவி அந்தச் சின்னப் படத்தை வாங்கி, தன் அகலத்துக்கு இழுத்து, மெருகு போட்டுவிட்டுத்தான் காட்டும். பத்தில் ஒரு நொடி தாமதமானாலே கேமில் 5, 6 படங்கள் (ஃபிரேம்கள்) ஓடிப்போயிருக்கும். சீரியல் பார்க்கிறவர்களுக்கு இது தெரியவே தெரியாது. உங்களுக்கோ, திரையில் வந்துகொண்டிருக்கும் பந்து கேமுக்குள் ஏற்கெனவே கேட்சர் (நம்மூர் விக்கெட் கீப்பர் மாதிரி) கைக்குப் போய்விட்டது.

டிவி செட்டிங்கில் ‘கேம் மோடு’ இருந்தால் போடுங்கள், ஓரளவு குறையும். 2006-க்குப் பிறகு அரசு இலவசமாகக் கொடுத்த 14 அங்குல கலர் டிவி உங்கள் தெருவில் யார் வீட்டு மூலையிலாவது கிடக்கும்; கிடைத்தால் அதற்கு ஈடே இல்லை. பழுதாக இருந்தால் மட்டும் பின்மூடியை நீங்களே கழற்றாதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் டியூபில் ஹை வோல்டேஜ் தங்கியிருக்கும்.

ஊதுவதை விடுங்கள். எச்சில் தெறிக்க ஊதிய கூட்டத்தில் நானும் ஒருவன். படம் வந்தது ஊதியதால் அல்ல, கழற்றித் திரும்பச் செருகியதால் என்று ரொம்பப் பின்னால்தான் புரிந்தது. மூச்சின் ஈரம் கேசட்டின் செம்புப் பட்டைகளில் தங்கும். கூடவே உங்கள் ஊர் உப்புக்காத்து. பச்சைக் களிம்பு பிடிக்கக் கேட்கவா வேண்டும்? பென்சில் ரப்பரால் மெல்லத் தேய்த்து, காது குடையும் பஞ்சுக்குச்சியை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் தொட்டுத் துடையுங்கள். நன்றாகக் காய்ந்த பிறகு செருகுங்கள்.

சிரித்தவனையும் சும்மா விடாதீர்கள், இரண்டாவது கன்ட்ரோலரைக் கையில் கொடுங்கள். உங்களிடம் இருப்பது நின்டெண்டோ 1983-ல் வெளியிட்ட பேஸ்பால் என்றால், ஃபீல்டர்கள் தாங்களாகவே பந்தைத் துரத்துவார்கள். எங்கே எறிவது என்பதுதான் நம் வேலை. வலது அம்பு முதல் பேஸ் (ஓடுகிறவர் தொட வேண்டிய முனை), மேல் இரண்டாவது, இடது மூன்றாவது, கீழே ஹோம், அதாவது மட்டை பிடிப்பவர் நிற்கும் இடம். அவன் கிரிக்கெட் ஆடிப் பழகிய பிள்ளை. முதல் பந்தையே பின்பக்கம் தட்டிவிட்டு ‘ஃபோர்!’ என்று கத்துவான். அது ஃபவுல் (கோட்டுக்கு வெளியே போன அடி), கணக்கில் ஒரு ஸ்டிரைக் (மூன்று சேர்ந்தால் அவுட்) என்று நீங்கள் சொல்லும்போது அவன் முகத்தைப் பாருங்கள்.