வேற்றுக்கிரக அறிவுள்ள உயிர்களை நாம் ஏன் இன்னும் சந்திக்கவில்லை?

நம் விண்மீன் மண்டலமான பால்வெளியில் குறைந்தது 10,000 கோடி விண்மீன்கள். அப்படியிருந்தும் ஒரு குரல்கூடக் கேட்கவில்லையே என்ற முரணுக்கு ஃபெர்மி முரண்பாடு என்று பெயர். இயற்பியலாளர் என்ரிகோ ஃபெர்மி 1950-இல் மதியச் சாப்பாட்டுப் பேச்சின் நடுவே "எல்லாரும் எங்கே?" என்று கேட்டதிலிருந்து வந்தது.

முதல் காரணம் தூரம். பால்வெளியின் குறுக்களவு சுமார் 1,00,000 ஒளியாண்டு (ஒளியாண்டு என்பது ஒளி ஓர் ஆண்டில் கடக்கும் தூரம்; வானொலி அலைக்கும் அதே வேகம்). அதை ஒரு கிலோமீட்டர் அகல மைதானமாகச் சுருக்கிப் பாருங்கள். நாம் வானொலி ஒலிபரப்பத் தொடங்கி ஏறக்குறைய நூறு ஆண்டு. அந்த அலைகள் இதுவரை எட்டியிருப்பது நம்மைச் சுற்றி ஒரே ஒரு மீட்டர்! அதற்கு அப்பால் இருப்பவருக்கு நாம் இருப்பதே தெரியாது. எட்டிய இடத்திலும் அலை தேய்ந்துவிடும்: தூரம் இரட்டித்தால் வலிமை கால்வாசி. நேரில் போகலாமென்றால், வாயேஜர் 1 விண்கலத்தின் வேகத்தில் (நொடிக்கு 17 கி.மீ.) சூரியனுக்கு அடுத்து மிக அருகிலுள்ள விண்மீனின் தூரத்தைக் கடக்கவே சுமார் 75,000 ஆண்டு.

என் கணக்கில் காலம்தான் இன்னும் பெரிய தடை. பால்வெளியின் வயது 1,000 கோடி ஆண்டுக்கும் மேல். அதை ஒரே நாளாகச் சுருக்கினால், நம் வானொலிக் காலம் ஒரு நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு. இரண்டு மின்மினிகள் இரவில் ஆளுக்கொரு முறை மட்டும் மினுங்கினால், ஒன்றையொன்று பார்ப்பது எப்படி?

உயிர் தோன்றுவதே அரிதாகவும் இருக்கலாம். தெரிந்த உதாரணம் பூமி ஒன்றுதான்.

"தேடி முடித்தாயிற்று, யாரும் இல்லை" என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் வானொலித் தேடலே 1960-இல்தான் தொடங்கியது, அலசியது மிகச் சிறு பகுதி.