வாசகர் கேள்வி – பதில்: கல்லூரி வானொலி

மாணவர்கள் நடத்தும் கல்லூரி வானொலி முதலில் எங்கே தொடங்கியது? நம் நாட்டுக்கு எப்போது வந்தது?
– வாசகி, அஸ்தம்பட்டி

அமெரிக்காவின் பிரவுன் பல்கலைக்கழகத்தில், 1936-ல். ஜார்ஜ் ஆபிரகாம், டேவிட் போர்ஸ்ட் என்ற இரு மாணவர்கள் விடுதி அறைகளில் கேட்கும்படி ஒரு நிலையத்தை உருவாக்கினார்கள். இத்தகைய நிலையங்களுக்குக் கோபுரமே தேவைப்படவில்லை. குறைந்த சக்தியுள்ள மீடியம் வேவ் அலையைக் கட்டடத்தின் மின்கம்பிகளிலேயே ஏற்றிவிடுவார்கள். சுவர் ஓரமாக ரேடியோவை வைத்தால் தெளிவாகக் கேட்கும். தெருவுக்கு வந்தால் மறைந்துவிடும். மின்மாற்றியை அந்த அலை தாண்டாது என்பதால் பல கட்டடங்களுக்குத் தனித்தனி டிரான்ஸ்மிட்டர் வேண்டியிருந்தது. 1940-ல் இப்படிப்பட்ட கல்லூரி நிலையங்கள் ஒரு கூட்டமைப்பாகவே சேர்ந்தன.

இங்கே, வானலை பொதுச்சொத்து என்று உச்ச நீதிமன்றம் 1995 பிப்ரவரியில் தீர்ப்பளித்தது. 2002 டிசம்பரில், ஒரு சிறு வட்டாரத்து மக்களுக்காக லாப நோக்கின்றி நடத்தும் சமுதாய வானொலிக்குக் கல்வி நிறுவனங்களுக்கு அனுமதி கிடைத்தது. 2004 பிப்ரவரி 1 அன்று சென்னையில் அண்ணா பல்கலைக்கழகத்தின் அண்ணா எஃப்.எம். 90.4 மெகாஹெர்ட்ஸில் ஒலித்தது, நாட்டின் முதல் வளாக சமுதாய வானொலி அதுதான். தமிழ்நாடு பெருமைப்பட வேண்டிய விஷயம் இது. உரிமம் மட்டும் எப்போதும் நிறுவனத்தின் பெயரில்தான். மாணவர் மன்றத்துக்குத் தரமாட்டார்கள்.

எங்கள் கல்லூரி ஏற்காடு மலையடிவாரத்தில். 50 வாட் டிரான்ஸ்மிட்டர் வைத்தால் ஏற்காட்டில் கேட்குமா?
– மாணவர், கன்னங்குறிச்சி

ஏற்காடு ஊருக்குள் கேட்கும் என்று நம்பாதீர்கள். எஃப்.எம். அலை ஏறக்குறைய நேர்கோட்டில் போகும். சேலம் கடல்மட்டத்திலிருந்து 300 மீட்டருக்கும் கீழே. ஏற்காடு சுமார் 1,500 மீட்டரில், மலைவிளிம்புக்கு உள்ளே தள்ளி இருக்கிறது. சமுதாய வானொலிக்கு ஆன்டெனா உயரம் 30 மீட்டரைத் தாண்டக் கூடாது, பரப்பும் சக்தி 100 வாட் வரைதான். உங்களை நேராகப் பார்க்கும் சரிவிலும் சில கொண்டை ஊசி வளைவுகளிலும் கேட்கலாம்.

சேலம் நகரப் பக்கம் நன்றாகவே போகும். ஆனால் மலையில் பட்டுத் திரும்பும் அலையும் நேராக வரும் அலையும் மோதி, அடிவாரத் தெருக்களில் இரைச்சல் வரும். 90.4-ல் அலைநீளம் 3.3 மீட்டர், எனவே ரேடியோவை ஒரு மீட்டர் நகர்த்தினாலே பல இடங்களில் தெளிந்துவிடும். பேச்சு நிகழ்ச்சிகளே அதிகமென்றால் ஸ்டீரியோவை (இரு ஒலித்தடம்) விட்டு மோனோவில் (ஒரே தடம்) ஒலிபரப்புங்கள். பலவீனமான இடங்களில் இதைவிடப் பெரிய பலன் எதிலும் கிடைக்காது.

டிரான்ஸ்மிட்டரை ஆன்டெனாவோடு இணைக்கும் கேபிளில் சிக்கனம் பார்க்காதீர்கள். மெல்லிய ஆர்.ஜி.58 கேபிளை 30 மீட்டர் இழுத்தால் 50 வாட்டில் மூன்றில் ஒரு பங்குதான் ஆன்டெனாவைச் சேரும். மழைக்காலத்தில் கனெக்டருக்குள் நீர் இறங்கினால் சக்தி திரும்பி வந்து டிரான்ஸ்மிட்டர் தானாகவே சக்தியைக் குறைத்துக்கொள்ளும். தானே ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப்பைக் கீழிருந்து மேலாகச் சுற்றுங்கள்; கேபிள் அறைக்குள் நுழையுமுன் ஒரு தொங்கல் விடுங்கள். மலையோரத்தில் இடி அதிகம், கோபுரத்துக்கு எர்த் அவசியம்.

ஆன்லைனில் வாங்கிய சிறிய டிரான்ஸ்மிட்டரை விடுதியில் வைக்கலாமா?
– மாணவர், ஓமலூர்

கூடாது. உரிமமின்றி ஒலிபரப்புவது குற்றம். விடுதிக்குள் ஆம்ப்ளிஃபயரும் கம்பி வழி ஸ்பீக்கர்களும் போதும்.

செய்தி வாசிக்கலாமா? விளம்பரம்?
– வாசகர், ஆத்தூர்

சொந்தச் செய்தி கூடாது. ஆகாசவாணிச் செய்தியை மாற்றாமல் எடுத்து ஒலிபரப்பலாம். தேர்வு, வானிலை, போக்குவரத்து, குடிநீர் அறிவிப்புகளுக்குத் தடையில்லை. விளம்பரம் மணிக்கு 12 நிமிடம்வரை, 2024 விதிகளின்படி. சினிமாப் பாட்டுக்கு ஒலிபரப்பு உரிமை தனியே வாங்க வேண்டும்.

நன்றாக ஓடும் நிலையங்கள்கூட ஓரிரு ஆண்டில் ஏன் படுத்துவிடுகின்றன?
– ஆசிரியை, கருப்பூர்

வேலை தெரிந்த மூன்றாமாண்டு மாணவர்கள் எல்லோரும் ஒரே மாதத்தில் போய்விடுகிறார்கள். காரணம் இதுதான், காசு இல்லை என்பது இரண்டாவது. ஜனவரியிலேயே ஒவ்வொரு முறைக்கும் ஒரு சீனியர், ஒரு ஜூனியர் என்று உட்கார வையுங்கள். பிப்ரவரியில் ஜூனியர் கையில் மிக்சரை (ஒலிகளைக் கலந்து அளவு சரிசெய்யும் கருவி) கொடுங்கள், சீனியர் பக்கத்தில் இருக்கட்டும். ஒலிபரப்பிய எல்லாவற்றையும் மூன்று மாதம் காக்க வேண்டும் என்பது விதி. கோப்புகளுக்குத் தேதியை முன்னால் போட்டுப் பெயர் வையுங்கள். தேர்வு வாரங்களுக்கான நிகழ்ச்சிகளை முன்பே பதிந்து வையுங்கள். மிக்சர் மேல் ஒரு தாள் ஒட்டுங்கள்: ஆன்டெனா இணைப்பைப் பார், மிக்சரைப் போடு, டிரான்ஸ்மிட்டரைக் கடைசியில் போடு, அணைக்கும்போது அதை முதலில் அணை. ஆன்டெனா இல்லாமல் போட்டால், பாதுகாப்புச் சுற்று இல்லாத கருவியில் கடைசிக் கட்ட டிரான்சிஸ்டர் எரிந்துபோகும்.