கடலோரக் காவல் பணிக்கு எந்தத் துப்பாக்கி உறை வசதியானது?

புதிதாகப் பணியேற்ற உதவி ஆய்வாளர் என்றும், இராமேஸ்வரத்துக்கு அருகே மண்டபம் பக்கம் படகிலும் ஜீப்பிலும் மாறி மாறிப் பணி என்றும், துறை கொடுத்த தோல் உறை மாலைக்குள் இடுப்பெலும்பை நோகச் செய்கிறது என்றும் எழுதி, சொந்தச் செலவில் எதை வாங்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். இதே கடற்கரையில் நெடுங்காலம் காவல் பணி செய்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில் சொல்கிறேன்: உறையை மாற்றுவதற்கு முன் பெல்ட்டை மாற்றுங்கள்.

தோட்டா நிரப்பிய பிஸ்டல் ஏறக்குறைய ஒரு கிலோ எடை கொண்டது. வளைந்து கொடுக்கும் மெல்லிய பெல்ட்டில் அதைத் தொங்கவிட்டால், பெல்ட் அந்தப் பக்கம் மடங்கி, பிடி வெளியே சாய்ந்து, முழு எடையும் இடுப்பெலும்பின் ஒரே புள்ளியில் இறங்கும். 5 செ.மீ. அகலமும் இரண்டு அடுக்கும் உள்ள விறைப்பான பெல்ட்டை எடுத்து, கால்சட்டையின் உள் பெல்ட்டோடு சிறு வார்களால் சில இடங்களில் பிணைத்துவிட்டால் அந்த எடை இடுப்பைச் சுற்றிப் பரவிவிடும். கூடுதல் மேகசின் (தோட்டா அடுக்கிய கூடு) பையை எதிர்ப்பக்கம் வையுங்கள். கைவிலங்கை முதுகுத்தண்டுக்கு நேராக வைக்கும் பழக்கம் நம்மிடம் பரவலாக இருக்கிறது. ஜீப் இருக்கையில் சாயும்போது அது முதுகெலும்பை அழுத்தும், படகில் வழுக்கி மல்லாந்து விழுந்தால் பெரிய காயமே உண்டாகும்.

அடுத்தது உயரம். இடுப்பில் மிக மேலே ஏறி நிற்கும் உறையின் பிடி, அமர்ந்தவுடன் விலாவில் குத்தும். கடலுக்குப் போகும்போது லைஃப் ஜாக்கெட் அதை மூடிவிடுவதால் அவசரத்தில் கைக்கு அகப்படாது. தொடையில் கட்டும் உறையோ, விசைப்படகுக்குத் தாவும்போது வலையிலும் கயிற்றிலும் மாட்டும், ஓடும்போது ஆடும். பெல்ட்டுக்குச் சற்றே கீழே இறங்கி, உடலோடு ஒட்டி நிற்கும் நடுத்தர உயரமே நம் பணிக்குப் பொருத்தம். பெண் காவலர்களுக்கு இது இன்னும் முக்கியம். இடுப்பின் வளைவு உறையின் மேற்பகுதியை உள்பக்கமாகத் தள்ளி, பிடியை விலாவோடு இடிக்க வைக்கும். அவர்கள் இறக்கமும் சாய்வும் திருகாணியால் மாற்றிக்கொள்ளக்கூடிய இணைப்புத் தகடுள்ள உறையைத்தான் கேட்டு வாங்க வேண்டும்.

பொருளைப் பற்றி எனக்குச் சிறிதும் ஐயமில்லை. இந்தக் கடற்கரைக்குத் தோல் வேண்டாம். உள்நாட்டு நிலையங்களில் நல்ல தோல் உறை பல ஆண்டுகள் உழைக்கும். இங்கோ உப்புக் காற்றையும் வியர்வையையும் உறிஞ்சி வைத்துக்கொண்டு, உள்ளே இருக்கும் இரும்புக்குத் துருவைக் கொடுக்கும். ஈரத்தில் ஊறி ஊறி வாய்ப்பகுதி தளர்ந்துவிட்டால், துப்பாக்கியைத் திரும்பச் செருகும்போது மடங்கிய தோல் விசைக்காப்புக்குள் (விசையைச் சுற்றியுள்ள வளையம்) நுழைந்து விசையை அழுத்திவிடும் ஆபத்தும் உண்டு. கைடெக்ஸ் என்னும் கெட்டியான நெகிழித் தகட்டாலோ வார்ப்பு நெகிழியாலோ செய்து, அடியில் நீர் வடியும் துளை விட்ட உறையை வாங்குங்கள். கடல் பணி முடிந்ததும் துப்பாக்கியை எடுத்துவிட்டு, உறையை நல்ல தண்ணீரில் அலசி நிழலில் உலர்த்துங்கள். வெயிலில் நிறுத்திய ஜீப்பின் முன்கண்ணாடியோரம் வைத்தால் சூட்டில் அதன் வடிவம் நெகிழக்கூடும்.

உறை உங்கள் துப்பாக்கிக்கென்றே செய்ததாக இருக்க வேண்டும். இஷாப்பூர் தொழிற்சாலையின் 9 மி.மீ. பிஸ்டலுக்கான உறையில் கிளாக் 17 சரியாக அமராது. எல்லாவற்றுக்கும் பொருந்தும் என்று விற்கப்படும் நைலான் உறை எதையும் சரியாகப் பிடிப்பதில்லை.

இனிப் பூட்டு, அதாவது பிறர் துப்பாக்கியை உருவிவிடாமல் உறைக்குள் பிடித்து வைக்கும் அமைப்பு. ஆடி அமாவாசையன்று அக்னி தீர்த்தத்தில் பந்தோபஸ்து நிற்கும்போது நாலாபக்கமும் மக்கள் உரசிக்கொண்டே இருப்பார்கள். பின்னாலிருந்து ஒரு கை உங்கள் பிடியை இழுத்தால் வெறும் இறுக்கம் மட்டும் உள்ள உறை காப்பாற்றாது. உறைகளை முதல் நிலை, இரண்டாம் நிலை, மூன்றாம் நிலை என்று விற்கிறார்கள். எஃப்.பி.ஐ.யில் பணியாற்றிய பில் ரோஜர்ஸ் என்பவர் 1970களில் அமெரிக்காவில் வகுத்த கணக்கு அது. எல்லா நிறுவனங்களும் ஒரே மாதிரி எண்ணுவதில்லை என்பதால் அட்டையில் உள்ள எண்ணை நம்பாமல், எத்தனை பூட்டு, எந்த விரலால் திறக்கிறது என்று நீங்களே பாருங்கள். கட்டைவிரலால் திறப்பது நல்லது. சுட்டுவிரலால் அழுத்தித் திறக்கும் வகையை நான் ஒருபோதும் பரிந்துரைக்க மாட்டேன். பதற்றத்தில் அழுத்திய அதே விரல் துப்பாக்கி வெளிவரும்போது விசைக்குள் போய்விடும், தனுஷ்கோடியில் கச்சான் காற்று வாரி இறைக்கும் மணல் அந்தப் பொத்தானுக்குப் பின்னே புகுந்தால் பூட்டே திறக்காது. வசதிக்காகப் பூட்டில் குறைத்துக்கொள்ள வேண்டாம். உங்கள் இடுப்பு வலிக்குக் காரணம் பூட்டு அல்ல.

படகில் லேன்யார்டு, அதாவது துப்பாக்கியைப் பெல்ட்டோடு பிணைக்கும் கயிறு, கட்டாயம். சுருள் கம்பி போல நீண்டு சுருங்கும் வகையாக இருந்தால் கயிற்றில் சிக்காது. தென்கடல் கொந்தளிக்கும் நாளில் கைநழுவிய துப்பாக்கியை யாராலும் மீட்க முடியாது.

வாங்கும் முன் நிலைய அதிகாரியிடம் எழுத்துப்பூர்வமாக அனுமதி பெறுங்கள். ஆயுதம் துறையுடையது, சீருடைக்கும் விதி உண்டு. கடையில் நின்றபடி மட்டும் பார்த்துவிட்டு வராதீர்கள். ஏற்கெனவே அத்தகைய உறை வைத்திருக்கும் சக காவலரிடம் கேட்டு வாங்கி, தோட்டா நீக்கியதை இருவராகச் சரிபார்த்த பிறகு, ஜீப்பில் சீட் பெல்ட் போட்டு, பைக்கில் அமர்ந்து, லைஃப் ஜாக்கெட்டோடு குனிந்து நிமிர்ந்து, ஒவ்வொரு நிலையிலும் எடுத்தும் செருகியும் பாருங்கள். செருகும்போது இடது கையின் உதவி தேவைப்பட்டால் அந்த உறையை விட்டுவிட்டு வேறு பாருங்கள்.