வேலையே கடல் தாண்டிப் போகும்போது மகளை எதில் சேர்ப்பது?

வணக்கம் சார். உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். மகளுக்குக் கணினி அறிவியலில் இடம் கிடைத்துவிட்டது, அவளுக்கும் அதில்தான் விருப்பம், ஆனால் அமெரிக்காவில் அவுட்சோர்சிங்கையே, அதாவது வேலையை வெளிநாட்டுக்குக் கொடுத்துச் செய்விப்பதையே, நிறுத்தப் போகிறார்களாமே, படித்து முடித்து வரும்போது வேலை இருக்குமா என்று தூக்கம் கெட்டுக் கிடக்கிறீர்கள். அதே கடிதத்தில் போகிற போக்கில் இன்னொன்றும் எழுதியிருந்தீர்கள்: அமெரிக்காவில் இருக்கும் உங்கள் தம்பியின் டீமை இந்தியாவுக்கு மாற்றிவிட்டார்கள், அவர் ஆறு மாதமாக வேலை தேடிக்கொண்டிருக்கிறார் என்று. இரண்டையும் சேர்த்து வைத்துத்தான் பதில் எழுதுகிறேன். வேலை போன வீடும் வேலை வரக் காத்திருக்கிற வீடும் ஒரே குடும்பத்தில் இருக்கும்போது, நியாயம் ஒரு பக்கம்தான் இருக்கிறது என்று யாரும் உங்களிடம் சொல்லிவிட முடியாது.

முதலில் நேர் பதில். சேர்த்துவிடுங்கள். பள்ளியிலேயே தானாக நிரல் எழுதிப் பார்க்கிற பெண் என்று நீங்களே சொல்கிறீர்கள், அதற்கு மேல் காரணம் வேண்டாம். ஆனால் படிப்பின் பெயரை நம்பி உட்கார்ந்துவிடாதீர்கள். அந்தப் படிப்புக்குள் எந்த மாதிரி வேலைக்கு அவள் தன்னைத் தயார் செய்துகொள்கிறாள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. அதை விளக்க இந்த அவுட்சோர்சிங் விவாதத்தின் கதையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

இது புதுச் சண்டை இல்லை. 2004 பிப்ரவரியில், அதிபர் புஷ்ஷின் பொருளாதார ஆலோசகர் குழுவுக்குத் தலைவராக இருந்த கிரெகரி மேன்கிவ், அவுட்சோர்சிங்கும் ஒருவகை வெளிநாட்டு வர்த்தகம்தான், நாளடைவில் நாட்டுக்கு நன்மையாகத்தான் முடியும் என்ற பொருளில் பேசினார். தேர்தல் ஆண்டு வேறு. எதிர்க்கட்சி மட்டுமில்லை, சொந்தக் கட்சிக்காரர்களே அவரைக் கண்டித்தார்கள். அவர் சொன்னது 1817இல் டேவிட் ரிக்கார்டோ இங்கிலாந்துத் துணியையும் போர்ச்சுகல் ஒயினையும் வைத்துப் போட்ட அதே கணக்குதான். ஒவ்வொரு நாடும் தனக்குக் கைவந்ததைச் செய்து பரிமாறிக்கொண்டால் இரண்டுக்கும் மிச்சம். அதே 2004இல், நோபல் பரிசு பெற்ற பால் சாமுவேல்சன், 89 வயதில், எப்போதும் அப்படி நடந்துவிடாது என்று கட்டுரை எழுதினார். ஒரு பணக்கார நாடு எதை விற்றுச் சம்பாதிக்கிறதோ அதையே இன்னொரு நாடும் திறமையாகச் செய்யக் கற்றுக்கொண்டால், முதல் நாட்டின் மொத்த வருமானமே குறையலாம் என்பது அவர் வாதம். ஜகதீஷ் பகவதி முதலான பொருளாதார அறிஞர்கள் மறுத்தார்கள். அந்த நாட்டில் வருடா வருடம் தோன்றி மறைகிற வேலைகளோடு ஒப்பிட்டால் வெளியே போகிற வேலைகள் கொஞ்சம்தான் என்றார்கள்.

இருபது வருடம் கழித்துப் பார்க்கும்போது எனக்குப் படுவது இதுதான். லாபம் துளித்துளியாகப் பரவுகிறது: நிறுவனத்துக்குச் செலவு குறைகிறது, வாங்குகிறவருக்கு விலை குறைகிறது, இன்னொரு நாட்டில் ஒரு தலைமுறைக்கே வாசல் திறக்கிறது. நஷ்டம் மட்டும் சிலர் வீட்டில் மொத்தமாக இறங்குகிறது. உங்கள் தம்பி வீட்டில் இறங்கியது அப்படித்தான். தொழிற்சாலைப் பக்கம் இது இன்னும் கடுமையாக நடந்தது. சீன இறக்குமதியால் 1999 முதல் 2011 வரை அமெரிக்காவில் 20 முதல் 24 லட்சம் வேலைகள் போயின என்று பொருளாதார அறிஞர் டேவிட் ஆட்டரும் அவருடன் சேர்ந்தவர்களும் கணக்கிட்டார்கள். அடிபட்ட ஊர்கள் பத்து வருடம் ஆகியும் எழுந்திருக்கவில்லை. வேலை போனவர் வேறு ஊருக்குப் போய் வேறு வேலை பார்த்துக்கொள்வார் என்று பாடத்தில் சொல்லப்பட்டது பெரும்பாலும் நடக்கவில்லை.

இப்படி அடிபடுகிறவர்களுக்காக அங்கே 1962இலேயே ஒரு திட்டம் கொண்டுவந்தார்கள், வர்த்தகத்தால் வேலை இழந்தவருக்கு மறுபயிற்சி, உதவித்தொகை என்று. 2000களின் தொடக்கத்தில் மென்பொருள் ஊழியர்கள் அதற்கு விண்ணப்பித்தபோது, மென்பொருள் ஒரு 'பொருள்' ஆகாது என்று சொல்லிப் பலரைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். சேவைத் துறையினரைச் சட்டத்திலேயே சேர்த்தது 2009இல். 2022 ஜூலையில் புதிதாக யாரையும் ஏற்பதே நின்றுபோனது. எனக்கு இந்த விவாதத்தில் மனசு கனக்கிற இடம் இதுதான். மொத்தத்தில் லாபம் என்று சொன்னவர்கள் தப்பாகச் சொல்லவில்லை, ஆனால் அந்த லாபத்திலிருந்து இழந்தவருக்கு ஒரு பங்கு போக வேண்டும் என்பது பேச்சோடு நின்றுவிட்டது. அதனால்தான் சொல்கிறேன், நாட்டுக்கு நல்லதா கெட்டதா என்ற கேள்விக்கு எந்தப் பதில் வந்தாலும் அதை வைத்து ஒரு பிள்ளையின் படிப்பை முடிவு செய்ய முடியாது.

சரி, எந்த வேலை போகும், எது நிற்கும்? எல்லோரும் முதலில் நினைத்தது, குறைவாகப் படித்தவர் வேலை போகும், நிறையப் படித்தவர் வேலை நிற்கும் என்று. அமெரிக்க மத்திய வங்கியின் துணைத் தலைவராக இருந்த ஆலன் பிளைண்டர் அதை மறுத்தார். கம்பி வழியே தரம் குறையாமல் அனுப்ப முடிகிற வேலையா இல்லையா என்பதுதான் கோடு என்றார் அவர். குழாய் ரிப்பேர் செய்கிறவரின் வேலை எங்கும் போகாது, எம்.பி.ஏ. படித்தவரின் பகுப்பாய்வு போகலாம். அமெரிக்காவில் 22 முதல் 29 சதவீத வேலைகள் அப்படிப் போகக்கூடியவை என்று 2007இல் மதிப்பிட்டார். போகக்கூடியவை என்றுதான் சொன்னார், போகும் என்று சொல்லவில்லை.

கதிரியக்க மருத்துவர்களை எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்கேன் படத்தைக் கம்பி வழியே அனுப்பலாம், அதனால் அவர்கள் கதை முடிந்தது என்று அப்போது பேசினார்கள். முடியவில்லை. இராத்திரி நேரப் படங்கள் ஓரளவு வெளிநாட்டுக்குப் போயின, ஆனால் அங்கே உட்கார்ந்து படிக்கிறவரும் அமெரிக்க உரிமம் வைத்திருக்க வேண்டியிருந்தது, முதியோருக்கான அரசுக் காப்பீடு வெளிநாட்டில் செய்த வேலைக்குப் பணம் தராது, ஆகவே முதல் பார்வை வெளியே நடந்தாலும் இறுதி அறிக்கையைக் காலையில் உள்ளூர் மருத்துவர் எழுத வேண்டியிருந்தது. சட்டம், உரிமம், தப்பு நடந்தால் யார் பொறுப்பு என்பதெல்லாம் கம்பியை விட வலுவாக நிற்கிறது.

உங்கள் மகளின் துறையிலேயே இதைவிடத் தெளிவான உதாரணம் இருக்கிறது, அவளிடம் கட்டாயம் சொல்லுங்கள். அமெரிக்க அரசின் தொழிலாளர் புள்ளிவிவரத் துறை 'கம்ப்யூட்டர் புரோகிராமர்' என்பதையும் 'சாஃப்ட்வேர் டெவலப்பர்' என்பதையும் தனித்தனித் தொழிலாக எண்ணுகிறது. வேறொருவர் வடிவமைத்துக் கொடுத்ததைக் குறியீடாக எழுதித் தருகிறவர் முதல் வகை. என்ன கட்ட வேண்டும் என்று யோசித்து வடிவமைக்கிறவர் இரண்டாம் வகை. முதல் வகையில் 2000ஆம் ஆண்டு 5 லட்சத்துக்கு மேல் இருந்தார்கள், 2023இல் ஒன்றரை லட்சம்கூட இல்லை. அடுத்த பத்தாண்டில் இன்னும் 10 சதவீதம் குறையும் என்றும், டெவலப்பர், சோதனையாளர் பக்கம் 17 சதவீதம் வளரும் என்றும் அந்தத் துறை கணித்தது. கல்லூரியில் ஒரே வகுப்பில் உட்கார்ந்து படித்துவிட்டு வந்தவர்கள்தான் இந்த இரண்டு பக்கமும் இருக்கிறார்கள்.

என்னிடம் ஆலோசனைக்கு வந்த ஒரு பையனைப் பற்றிச் சொல்கிறேன். நாலு வருடம் ஒரு வெளிநாட்டு கிளையன்ட்டின் பில்லிங் மென்பொருளுக்கு சப்போர்ட் வேலை பார்த்தவன். செலவு இன்னும் குறைவான வேறொரு நாட்டுக்கு அந்த வேலையை மாற்றினார்கள். கே.டி. கொடுக்கச் சொன்னார்கள், அதாவது அவன் செய்வதையெல்லாம் எழுதி, அடுத்து வருகிறவர்களுக்குக் கற்றுக்கொடுத்துவிட்டுக் கிளம்ப வேண்டும். எழுதியதை மடிக்கணினியில் திறந்து காட்டினான். டிக்கெட் (பதிவான புகார்) வந்தால் இந்தத் திரையைத் திற, இந்த எண்ணைப் பார், சிவப்பாக இருந்தால் இவருக்கு மெயில் போடு. அறுபத்திரண்டு பக்கம். "நாலு வருஷம் செஞ்சது இவ்வளவுதான் மேடம், இதுல முடிஞ்சிருச்சு" என்றான். எனக்கு என்ன சொல்வதென்று தெரியாமல் பக்கங்களை நகர்த்திக்கொண்டே வந்தேன். நடுவில் ஓரிடத்தில் மட்டும் வேறு மாதிரி ஒரு வரி இருந்தது: மாதக் கடைசியில் இந்த டிக்கெட் வந்தால் உடனே மூடாதே, கணக்குப் பிரிவில் கேட்டுவிட்டு மூடு. ஏன் என்று கேட்டேன். அரை மணி நேரம் பேசினான். வாடிக்கையாளர் கட்டிய பணம் எப்போது வருமானமாகக் கணக்கில் ஏறுகிறது, தேதி மாறினால் எங்கெல்லாம் இடிக்கும், யார் தலையில் விழும் என்று எல்லாமே அவனுக்குத் தெரிந்திருந்தது. ஆனால் அதையெல்லாம் அவன் தன் வேலையாகவே நினைத்திருக்கவில்லை. ரெஸ்யூமில் அதைப் பற்றி ஒரு வார்த்தைகூட இல்லை. அதையே முன்னால் வைத்துத் தேடச் சொன்னேன். எட்டு மாதம் ஆயிற்று, நடுவில் இரண்டு முறை மனம் உடைந்து வந்தான், சம்பளமும் முதலில் பழைய அளவுதான், ஆனால் இப்போது நிதி சார்ந்த மென்பொருளை வடிவமைக்கிற இடத்தில் இருக்கிறான்.

ஒன்றைக் கவனியுங்கள், அவன் வேலை போனது இந்தியாவிலிருந்து இன்னொரு நாட்டுக்கு. வேலை வருகிற நாடு என்ற இடமும் நிரந்தரமில்லை. போனில் பேசுகிற கால் சென்டர் வேலையில் 2010 வாக்கிலேயே பிலிப்பைன்ஸ் இந்தியாவை முந்திவிட்டது. இப்போது செயற்கை நுண்ணறிவு வந்திருக்கிறது. முழுதாக எழுதிவிட முடிகிற அந்த அறுபத்திரண்டு பக்கத்தை வாங்கிக்கொள்ள இனி இன்னொரு நாட்டு ஆள்கூடத் தேவைப்படாமல் போகலாம். முதல் வேலையில் புதியவர்களுக்குக் கொடுப்பதும் பெரும்பாலும் அந்த மாதிரி வேலைதான், அதனால் உங்கள் மகளின் தலைமுறைக்கு நுழைகிற வாசல் குறுகும் என்றுதான் நான் நினைக்கிறேன். இதை மறைத்து நம்பிக்கை மட்டும் கொடுக்க எனக்கு மனமில்லை.

ஆகவே கல்லூரியில் அவள் செய்ய வேண்டியது என்ன? நிரல் எழுதுவதை நன்றாகக் கற்கட்டும், அது அடித்தளம். அதோடு கணினிக்கு வெளியே ஒரு துறை எப்படி இயங்குகிறது என்பதை ஆழமாகத் தெரிந்துகொள்ளட்டும். வங்கிக் கடனோ, மருத்துவமனை பில்லோ, சரக்குப் போக்குவரத்தோ, எதுவாக இருந்தாலும் சரி, அவளுக்குப் பிடித்த ஒன்று போதும். அப்புறம், கேள்வி கேட்கப் பழக வேண்டும். அரைகுறையாக வந்த ஒரு வேண்டுகோளைப் படித்து, இதில் எது சொல்லப்படவில்லை என்று கண்டுபிடித்து நாலு வரியில் எழுதிக் கேட்கத் தெரிந்தவரைக் கிளையன்ட் லேசில் விடமாட்டார். ஆங்கில உச்சரிப்புப் பயிற்சிக்குப் பணம் கட்டுவதை விட இது ஆயிரம் மடங்கு மேல். கேம்பஸ் இன்டர்வியூவில் சம்பளம் கேட்கும்போதே, வடிவமைப்பு முடிவுகளை எந்த ஊர் டீம் எடுக்கிறது, புதிதாகச் சேருகிறவர் பயன்படுத்துபவரோடு நேரடியாகப் பேச முடியுமா என்றும் கேட்கட்டும். வெளிநாட்டு நிறுவனங்கள் தாங்களே இந்தியாவில் நடத்துகிற மையங்கள் 2024இல் 1,700 வரை வந்துவிட்டன, அப்போது சுமார் 19 லட்சம் பேர் அவற்றில் இருந்தார்கள். அங்கேயும் சாதாரண சப்போர்ட் வேலை உண்டு, ஆகவே பலகையில் இருக்கும் பெயரைப் பார்த்து மயங்க வேண்டாம், அதே கேள்விகளை அங்கேயும் கேட்க வேண்டும்.

தடை வந்துவிடும் என்ற பயத்துக்கு வருகிறேன். 2025 செப்டம்பரில், வெளிநாட்டுக்கு வேலை கொடுத்துச் செலுத்துகிற தொகைக்கு 25 சதவீத வரி போடலாம் என்று அமெரிக்க செனட்டில் ஒரு மசோதா வந்தது, அதே மாதம், வெளிநாட்டவர் அங்கே போய் வேலை பார்க்கத் தருகிற எச்1பி விசாவின் புதிய விண்ணப்பத்துக்கு ஒரு லட்சம் டாலர் கட்டணம் என்ற ஆணையும் வந்தது. செய்தியைப் பார்த்துத்தான் நீங்கள் பயந்திருக்கிறீர்கள். மசோதா என்பது முன்மொழிவு, சட்டமாகிவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள். விசா விஷயத்தில் பழைய அனுபவம் ஒன்று உண்டு. 2004 நிதியாண்டில், வருடத்துக்கு இத்தனை பேர் என்ற எச்1பி உச்சவரம்பு 1,95,000இலிருந்து 65,000க்கு இறங்கியது. ஆளைக் கொண்டுவர முடியாத நிறுவனங்கள் இந்தியா, சீனா, கனடா என்று தங்கள் வெளிநாட்டுக் கிளைகளில் ஆள் சேர்த்தன என்று பிரிட்டா கிளெனனின் ஆய்வு காட்டியது. வாசலை அடைத்தால் வேலை இன்னொரு வழியாகப் போகும். அதனால் சட்டம் எப்படி மாறும் என்று ஊகித்துப் படிப்பை மாற்றாதீர்கள். ஆனால் ஆன்சைட், அதாவது கிளையன்ட்டின் நாட்டுக்கே, போய் டாலரில் சம்பாதித்துக் கடனை அடைத்துவிடலாம் என்ற கணக்கை மட்டும் தயவுசெய்து போட வேண்டாம். உள்ளூர் ஆரம்பச் சம்பளத்தில், அதுவும் வேலை கிடைக்க ஒரு வருடம் தாமதமானால்கூட, தவணை கட்ட முடிகிற அளவுக்குக் கடன் வாங்குங்கள். அதற்கு மேல் கேட்கிற கல்லூரி என்றால் வேறு கல்லூரி பாருங்கள்.

கடைசியாக ஒரு வேலை தருகிறேன். இந்த வாரம் மகளைத் தம்பியோடு போனில் பேச வையுங்கள், நீங்கள் பக்கத்தில் இருக்க வேண்டாம். அவர் டீமை ஒப்படைத்துவிட்டு வெளியே வந்த பிறகும் இந்தியாவிலிருந்து அவருக்குச் சந்தேகம் கேட்டு போன் வந்ததா, வந்திருந்தால் என்னென்ன கேட்டார்கள் என்று அவள் கேட்டு எழுதிக்கொள்ளட்டும். அவருக்கு அது தன் ரெஸ்யூமில் முதலில் எழுத வேண்டியது, இவளுக்கு நாலு வருடத்தில் கற்க வேண்டியது. அந்தத் தாளை எனக்கும் அனுப்புங்கள், அதை வைத்து இரண்டு பேருக்கும் அடுத்து என்ன என்று பேசுவோம்.