இட்லி மாவும் சக்தி திட்டமும்: புள்ளியியல் படிக்க விரும்பும் மகளின் அப்பாவுக்கு

மகள் பத்தாவது முடித்துவிட்டாள், புள்ளியியலும் பொருளாதாரமும்தான் எடுப்பேன் என்கிறாள், இன்ஜினியரிங்கை விட்டுவிட்டு இதைப் படித்தால் கடைசியில் கணக்கு எழுதும் வேலைதானே என்று கேட்டிருக்கிறீர்கள். பெங்களூரு அல்சூரில் மளிகைக் கடை நடத்துபவர் நீங்கள். அதனால் உங்கள் கடையில் தினமும் எடுக்கும் ஒரு முடிவை வைத்தே இந்தப் படிப்பு என்ன செய்கிறது என்று காட்டுகிறேன்.

காலையில் இட்லி மாவு பாக்கெட் எத்தனை எடுப்பது? 60 ரூபாய்க்கு வாங்கி 90க்கு விற்பதாக வைத்துக்கொள்வோம். மிஞ்சியது புளித்துப்போகும், திருப்பி எடுக்க மாட்டார்கள். ஒரு பாக்கெட் குறைந்தால் கைவிட்டுப் போகும் லாபம் 30 ரூபாய், ஒன்று மிஞ்சினால் நட்டம் 60 ரூபாய். இரண்டையும் கூட்டினால் 90. அதில் 30 என்பது மூன்றில் ஒரு பங்கு. கூடுதலாக எடுக்கும் ஒரு பாக்கெட் மிஞ்சும் நாட்கள் இந்த மூன்றில் ஒரு பங்கைத் தாண்டினால், அதை எடுப்பது நட்டம். ஆக, ஒரு மாதத்தின் 30 நாள் தேவையைச் சிறியதிலிருந்து வரிசையாக அடுக்கி, மூன்றில் ஒரு பங்கு இடத்தில், அதாவது பத்தாவதாக நிற்கும் எண்ணை எடுக்க வேண்டும். தேவை 31, 32 என்று தொடங்கி 60 வரை ஒவ்வொன்றும் ஒரு நாள் வந்தது என்றால் சராசரி 45.5. ஆனால் வாங்க வேண்டியது 40. நாற்பது எடுத்தால் நாளுக்குச் சராசரி லாபம் 1,065 ரூபாய். சராசரியை நம்பி 46 எடுத்தால் 1,020. யாரையும் வெறுங்கையோடு அனுப்பக்கூடாது என்று 60 எடுத்தால் 495தான். மிச்சத்தை 30 ரூபாய்க்குத் திருப்பி எடுத்துக்கொள்வதாக மாவு கம்பெனி ஒத்துக்கொண்டால் நட்டமும் 30 ஆகிவிடும். அப்போது அடுக்கின் பாதி, பதினைந்தாவது எண், அதாவது 45 எடுக்கலாம். ஒப்பந்தத்தில் ஒரு வரி மாறினால் கொள்முதலே மாறுகிறது.

சூத்திரம் இவ்வளவுதான், அரை மணி நேரத்தில் கற்றுக்கொள்ளலாம். சம்பளம் கிடைப்பது இதற்கு அடுத்த படிக்கு. உங்கள் நோட்டில் இருப்பது எத்தனை விற்றது என்பது, எத்தனை பேர் கேட்டார்கள் என்பது அதில் இல்லை. பதினொரு மணிக்கே தீர்ந்துபோன நாளில் 40 என்று எழுதியிருக்கும், அன்று உண்மையான தேவை 55ஆக இருந்திருக்கலாம். அந்த 40ஐ அப்படியே கணக்கில் போட்டால் அடுத்த மாதம் இன்னும் குறைவாக எடுப்பீர்கள், அது இன்னும் சீக்கிரம் தீரும், அந்தச் சிறிய எண்ணே மறுபடியும் நோட்டில் ஏறும். இதைத் தடுக்கத் தீர்ந்த நேரத்தையும் குறித்துவைக்க வேண்டும். தீராத நாட்களில் பதினொரு மணிக்குள் எத்தனை பங்கு விற்கிறது என்று பார்த்து, தீர்ந்த நாளின் மீதித் தேவையை மதிப்பிட வேண்டும். ஞாயிற்றுக்கிழமையையும் செவ்வாய்க்கிழமையையும் ஒரே அடுக்கில் கலக்கக்கூடாது. மருந்துக் கிடங்கு, பத்து நிமிட டெலிவரி கிடங்கு, விமான டிக்கெட் எல்லாவற்றுக்கும் இதே கேள்வியும் இதே ஓட்டையும் உண்டு. இந்தத் துறைக்கு ஆபரேஷன்ஸ் ரிசர்ச் என்று பெயர்.

பொருளாதாரம் எங்கே வருகிறது என்பதற்கு நம்ம ஊர் பஸ்ஸையே பாருங்கள். 2023 ஜூன் 11 முதல் கர்நாடகத்தில் சக்தி திட்டத்தில் பெண்களுக்குச் சாதாரண அரசு பஸ்களில் கட்டணம் இல்லை. இதனால் வேலைக்குப் போகும் பெண்கள் கூடினார்களா? பெண்களுக்குக் கட்டணமில்லாமல் கிழித்துத் தரும் ஜீரோ டிக்கெட்டை எண்ணினால் எத்தனை பயணம் என்று தெரியும். எத்தனை பெண்கள் என்று தெரியாது. திட்டம் இல்லாவிட்டாலும் அவர்கள் போயிருப்பார்களா என்பது சுத்தமாகத் தெரியாது. அதற்கு, திட்டம் எட்டாத ஓர் இடத்தோடு, முன்னும் பின்னும் ஒப்பிட வேண்டும். பக்கத்தில் இருக்கிறதே என்று ஓசூரை எடுத்தால் தப்பு, தமிழ்நாட்டில் டவுன் பஸ்களில் 2021 மே மாதமே பெண்களுக்கு இலவசம் வந்துவிட்டது. கோலாரையும் எல்லைக்கு அப்பால் உள்ள சித்தூரையும் ஒப்பிடலாம். ஆனால் ஆந்திரத்திலும் 2025 ஆகஸ்ட் 15 முதல் இலவசப் பயணம் என்பதால் அதற்கு முந்தைய இரண்டு வருடத்தோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். திட்டத்துக்கு முன்பே இரண்டு மாவட்டங்களும் ஒரே போக்கில் இருந்தனவா என்றும் சோதிக்க வேண்டும். இல்லையென்றால் ஏற்கெனவே இருந்த வித்தியாசம் திட்டத்தின் கணக்கில் ஏறிவிடும். 'தள்ளுபடி கொடுத்தோம், விற்பனை 20 சதவீதம் ஏறியது, தள்ளுபடிதான் காரணமா?' என்று பெங்களூரு ஜி.சி.சி.களின், அதாவது வெளிநாட்டுக் கம்பெனிகள் இங்கே நடத்தும் சொந்த அலுவலகங்களின், நேர்முகத் தேர்வில் கேட்பதும் இதே கேள்விதான். தீபாவளி வாரமா, போட்டிக் கடையில் சரக்கு இல்லையா, அடுத்த மாதம் வாங்க வேண்டியதை இப்போதே வாங்கி வைத்தார்களா என்று திருப்பிக் கேட்கிற பிள்ளைக்குத்தான் வேலை.

இப்போது படிப்புக்கு வருகிறேன். பி.யூ.சி.யில், அதாவது பதினொன்றாவது பன்னிரண்டாவதில், எடுக்கும் முடிவை மட்டும் அவசரப்பட்டு எடுக்காதீர்கள். புள்ளியியல், பொருளாதாரம், பிசினஸ் ஸ்டடீஸ், அக்கவுண்டன்சி என்ற செபா பிரிவைப் பார்த்ததும் இதுதான் மகளுக்கு என்று தோன்றும். அதில் கணிதம் இல்லை. கணிதம் இல்லாமல் பி.யூ.சி. முடித்தால் புள்ளியியலின் நல்ல பட்டப்படிப்புகள் பல அங்கேயே அடைபட்டுவிடும். பேசிக் மேத்ஸ் என்பது வேறு பாடம், அதைக் கணிதம் என்று எடுத்துக்கொள்ள மாட்டார்கள். கணிதமும் பொருளாதாரமும் சேர்ந்த மெபா, அல்லது கணிதத்தோடு புள்ளியியல் இருக்கும் பிரிவு கிடைத்தால் எடுங்கள். அருகில் எதுவுமே இல்லையென்றால் கணிதத்தைப் பிடித்துக்கொண்டு புள்ளியியலை விடலாம். பட்டப்படிப்பில் புள்ளியியலை முதலிலிருந்து சொல்லித்தருவார்கள், கணிதத்தை அப்படிச் சொல்லித்தர மாட்டார்கள்.

பி.யூ.சி.க்குப் பிறகு பொருளாதாரம், கணிதம், புள்ளியியல் மூன்றும் சேர்ந்த பட்டம் பெங்களூருக் கல்லூரிகள் சிலவற்றில் உண்டு. அவளுக்கு அது பொருத்தம். கணக்கில் உண்மையாகவே சூட்டிகை என்றால் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தின் நுழைவுத் தேர்வு எழுதட்டும். 1931இல் மகலனோபிஸ் தொடங்கிய நிறுவனம் அது. அதன் பெங்களூரு மையம் மைசூரு சாலையில் இருக்கிறது. அங்கே கணிதப் பட்டமான பி.மேத், கொல்கத்தாவில் புள்ளியியல் பட்டமான பி.ஸ்டாட். தேர்வில் ஒரு தாள் 30 கொள்குறி வினாக்கள், இன்னொன்று எட்டுப் பெரிய கணக்குகள். ஜே.இ.இ. கோச்சிங்கில் பழகியவர்கள் சறுக்குவது இரண்டாவது தாளில்தான். விடையை மட்டும் எழுதினால் போதாது, ஏன் அப்படி என்று நிறுவ வேண்டும். அந்தப் பழக்கம் வர இரண்டு வருடம் வேண்டும், கடைசி இரண்டு மாதத்தில் வராது. கட்டணமும் உதவித்தொகையும் எப்படி என்பதை அந்தந்த வருட அறிவிப்பில் பார்த்துக்கொள்ளுங்கள்.

அரசு வேலை வேண்டும் என்று வீட்டில் கேட்பார்கள். யு.பி.எஸ்.சி. நடத்தும் இந்தியப் புள்ளியியல் பணித் தேர்வுக்கு புள்ளியியல் ஒரு பாடமாக இருக்கும் பட்டம் போதும், 21 வயது ஆகியிருக்க வேண்டும். இந்தியப் பொருளாதாரப் பணிக்கு முதுகலை கட்டாயம். மத்திய அரசு வேலைகளுக்கான எஸ்.எஸ்.சி. சி.ஜி.எல். தேர்வு வழியாக ஜூனியர் ஸ்டாட்டிஸ்டிகல் ஆபீசர் ஆகலாம். பட்டத்தில் புள்ளியியல் இருக்க வேண்டும், அல்லது பன்னிரண்டாவது கணிதத்தில் 60 சதவீதம். முதுகலை முடித்தால் ரிசர்வ் வங்கியின் கிரேடு பி பணியில் பொருளாதாரத்துக்கும் புள்ளியியலுக்கும் தனித்தனிப் பிரிவுகள் உண்டு.

டேட்டா சயன்ஸ் சர்ட்டிஃபிகேட் கோர்ஸுக்கு லட்சக்கணக்கில் கேட்கிறார்கள், இப்போதே சேர்க்கலாமா என்றும் எழுதியிருக்கிறீர்கள். வேண்டாம். வேலை உறுதி என்கிற இடத்தில், போன பேட்ச்சில் சேர்ந்தவர்கள் எத்தனை பேர், அதில் வேலைக்குப் போனவர்கள் எத்தனை பேர் என்று கேளுங்கள். முடித்தவர்களை மட்டும் எண்ணிச் சதவீதம் சொன்னால், பாதியில் நின்றவர்கள் அந்தக் கணக்கில் இல்லை. சேர்ந்தவர் 100, முடித்தவர் 40, வேலை 32 என்றால் விளம்பரத்தில் 80 சதவீதம் என்று போடலாம். நீங்கள் பணம் கட்டுவதோ 32 சதவீதத்துக்கு.

அந்தப் பணத்துக்கு ஒரு சுமாரான லேப்டாப் வாங்கிக் கொடுங்கள். முதல் வருடம் எக்செல் போதும், பட்டப்படிப்பு தொடங்கியதும் தரவுத்தளத்திலிருந்து தகவல் எடுக்கும் எஸ்.க்யூ.எல்., பிறகு ஆர் அல்லது பைத்தான் என்கிற கணினி மொழி. பயிற்சிக்கு மத்தியப் புள்ளியியல் அமைச்சகத்தின் தளத்தில் வேலைவாய்ப்புக் கணக்கெடுப்பின் வீட்டுவாரித் தரவு இலவசமாகவே கிடைக்கிறது. அதில் ஒவ்வொரு வரிசைக்கும் ஒரு எடை எண் இருக்கும், அந்த ஒரு வீடு எத்தனை வீடுகளுக்காக நிற்கிறது என்று சொல்லும் எண் அது. அதைப் பெருக்காமல் நேராகச் சராசரி எடுப்பதுதான் புதியவர்கள் செய்யும் முதல் தவறு. மாதிரியில் எந்தப் பகுதி வீடுகளை அதிகமாக எடுத்தார்களோ அந்தப் பக்கம் விடை சாய்ந்துவிடும். அவள் போட்ட எண் அமைச்சக அறிக்கையில் அச்சான எண்ணோடு ஒத்துப்போகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள், ஒத்துப்போகும் வரை அடுத்த கேள்விக்குப் போக வேண்டாம். அதற்கு முன், இந்த விடுமுறையில், மாவு பாக்கெட் நோட்டில் தீர்ந்த நேரத்துக்கு ஒரு கட்டம் சேர்த்து இரண்டு மாதம் எழுதட்டும்.