ஓசூரிலிருந்து அஞ்செட்டி வழியாக ஒகேனக்கல்லுக்குக் காரில் போகலாமா?

போகலாம், ஆனால் பகலில் மட்டும். ஓசூர், தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி, நாட்றாம்பாளையம், ஒகேனக்கல். இதுதான் வரிசை. தேன்கனிக்கோட்டை வரை கவலையே இல்லை. பெட்ரோலை அங்கேயே நிரப்பிக்கொள்ளுங்கள்.

அதற்கப்புறம்தான் காடும் மலையும். ஓசூர் கடல் மட்டத்துக்கு 850 மீட்டருக்கு மேல் இருக்கிறது. ஒகேனக்கல் காவிரிக் கரை அதில் பாதிகூட வராது. ஆகவே மொத்தத்தில் இறக்கம்தான். பலரும் பிரேக்கிலேயே காலை வைத்துக்கொண்டு இறங்குகிறார்கள். டிஸ்க் சூடேறி, பிரேக் ஆயில் கொதித்துக் குமிழி விட்டால் பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போகும், வண்டி நிற்காது. செங்குத்தான இடங்களில் இரண்டாவது கியரிலேயே இறக்குங்கள். நியூட்ரல் வேண்டவே வேண்டாம். கருகிய வாடை வந்தால் அகலமான இடமாகப் பார்த்து ஓரங்கட்டி, நன்றாக ஆறவிடுங்கள். தண்ணீர் ஊற்றினால் டிஸ்க் கோணிக்கொள்ளும். குறுகலான வளைவில் ஏறி வரும் வண்டிக்கே முதலில் வழி விட வேண்டும்.

இங்கே யானை நடமாட்டம் உண்டு. எதிரே நின்றால் ஹாரன் அடிக்காதீர்கள், லைட்டை மினுக்காதீர்கள், இறங்கிப் படம் எடுக்காதீர்கள். தள்ளி நின்று, கூட்டத்தின் கடைசிக் குட்டியும் கடக்கும்வரை பொறுங்கள்.

கிளம்பத் தாமதமானால் ராயக்கோட்டை, பாலக்கோடு, தருமபுரி, பென்னாகரம் என்று சுற்றிப் போவதே நல்லது. பென்னாகரம் தாண்டியதும் அங்கேயும் மலை இறக்கம் உண்டு.